ஆறாம் வகுப்புக் கணக்கு

சுவரில் ஒரு செங்கல் பெயர்ந்த இடம்.
ஐந்தாம் வகுப்பு வரை அந்தப் பக்கம்,
ஆறிலிருந்து இந்தப் பக்கம்.
காலை எட்டேகாலுக்கு அந்த ஓட்டை வழியே
ஒரு சின்னக் கை வந்தது.
உள்ளங்கையில் ரவைப் பொங்கல்,
விரலிடுக்கில் சாம்பார்.
குனிந்து வாங்கியவன்
போன வருஷம் அந்தப் பக்கம் உட்கார்ந்து சாப்பிட்டவன்.
பெயர் லோகேஸ்வரன்.
கை, அவன் தங்கை பாண்டிஸ்ரீயுடையது.

நான் அதைப் பார்த்திருக்கவே வேண்டாம்.
செல்லூரில் ராத்திரி முழுக்கத் தறி ஓட்டிவிட்டு
டீ குடித்து வீட்டுக்குப் போகிற வழியில்
சைக்கிள் செயின் கழன்று
அந்தச் சுவரோரம் குந்தியிருந்தேன்.
என் சேவை மனப்பான்மை என்பது
அவ்வளவுதான்:
கழன்ற ஒரு செயின்.

சர்க்காரைக் குறை சொல்லவில்லை.
அது ஐந்து வரை எண்ணியது.
நாங்கள் ஆறிலிருந்து எண்ணத் தொடங்கினோம்.

கீழமாரட் வீதி மண்டியில் மூட்டை இறக்கும் சோணைமுத்து
வெங்காயத்துக்குப் பொறுப்பு.
சிலிண்டர் சிக்கந்தர் பாய்; காசைப் பற்றிப் பேசினால்
அன்றைக்கு முழுக்க முகம் கொடுக்க மாட்டார்.
தையல்கடைச் செல்வராணி வருவதாகச் சொன்னது
செவ்வாயும் வெள்ளியும்.
வருவது எல்லா நாளும்,
எங்களைத் திட்டிக்கொண்டே.
டெய்சி டீச்சர் அனுமதியை வாயால் சொன்னார்.
"எழுதிக் கேக்காதீங்க, எழுதினா யோசிக்கணும்."

நூறு தட்டு தந்த ஒருவர்
தன் படம் போட்ட ஃப்ளெக்ஸும் சேர்த்துத் தந்தார்.
தட்டுகள் புழங்குகின்றன.
ஃப்ளெக்ஸ், அடுப்புக்கு மேல் கூரை,
முகம் கீழ்நோக்கி.
தினமும் ஆறரைக்கு ஆவி பிடிக்கிறார்.

எல்லா நாளும் இப்படி இல்லை.
ஐப்பசியில் வைகை தரைப்பாலத்தின் மேல் ஓடியது.
கீழமாசி வீதி ரவை அக்கரையிலேயே நின்றுவிட்டது.
நாற்பத்தொரு பிள்ளைகள், மழையில் கழுவிய தட்டுகளோடு.
முக்குக் கடையில் இருந்தது முப்பத்தாறு பன்.
"வீட்டுலயே சாப்ட்டோம்ணே" என்றார்கள்
வரிசையில் கடைசி ஐந்து பேர்,
ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல்.
பசிக்குத் தானாக வரும் முதல் பொய் அது.
எனக்கும் அந்த வயதில் வந்திருக்கிறது,
அதே இழுப்போடு, அதே ணே-யோடு.
நோட்டில் வரவு உண்டு, செலவு உண்டு.
அன்று மூன்றாவதாக ஒரு கோடு கிழித்து
ஐந்து பெயர் எழுதினேன்.
மறுநாள் அவர்களுக்குத்தான் முதல் கரண்டி.
ஏன் என்று அவர்கள் கேட்கவில்லை.
அந்தக் கோட்டை நான் இன்னும் அடைக்கவில்லை.

என்ன உதவி வேண்டும் என்று கேட்கிறீர்கள்.
காசு வேண்டாமென்று சொல்ல மாட்டேன்;
இந்த மாதம் எழுநூற்று நாற்பது துண்டு விழுகிறது.
ஆனால் புதன்கிழமை ஆளில்லை.
ஐந்தே முக்காலுக்கு வந்தால்
வெங்காயம் உரிக்கலாம், கண்ணீருக்குக் காரணம் சொல்லவேண்டியதில்லை.
உப்புமா அடிப்பிடிக்காமல் கிண்டத் தெரியாதா?
எனக்கும் தெரியாதுதான்.
தறிக்காரன் கை; இழை அறுந்தால் முடியத் தெரியும்,
அடுப்பைத் தணிக்கத் தெரியவில்லை.
பிள்ளைகள் அடிப்பிடித்ததைத்தான் முதலில் கேட்கிறார்கள்.
அது எதனால் என்று செல்வராணிக்கும் விளங்கவில்லை.

டெய்சி டீச்சர் கொத்தனாரை வரச்சொல்லியிருந்தார்,
அந்த ஓட்டையை அடைக்க.
சாந்து குழைத்தவர் கொஞ்சநேரம் நின்றார்.
பிறகு சட்டியைக் கவிழ்த்துவிட்டு
நாளைக்கு வருகிறேன் என்று போனார்.
போன மாசம் அது.

இன்று காலையும் அந்தக் கை வந்தது.
வெறுங்கை.
இந்தப் பக்கத்துத் தக்காளிச் சட்னி
அந்தப் பக்கம் பேசப்படுகிறதாம்.
"அண்ணே, ஒரே ஒரு கரண்டி."
பின்னால் இன்னும் மூன்று கைகள்,
முண்டியடித்துக்கொண்டு.